மடக்காமல் விட்ட குடை

நம்புகிறவர்கள் நம்பட்டும். யாரையும் நம்பவைக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். பேய் பிசாசு என்று பிள்ளைகள் ஆரம்பித்தால், போர்டைப் பார் என்று அதட்டுகிறவள். ஆனாலும் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது நடந்ததுதான். நேரங்களைச் சரியாகச் சொல்கிறேன். அன்று கையில் கடிகாரம் கட்டியிருந்தேன், நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரண்மனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஜாவாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

என் பெயர் முர்தினி. எங்களுடையது ராஜ வம்சம். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே ராஜ வம்சம். எங்களுக்கு ஐந்து தலைமுறை முந்தியவர் பங்கேரான், அதாவது இளவரசர், குசுமபிரதா. பட்டத்து ராணி பெற்ற மூத்த மகன். பிறந்த நாளிலிருந்து அவர் தலைக்கு மேல் தங்க நிறக் குடை பிடித்தார்கள். அடுத்த ராஜாவுக்கு மட்டும் பிடிக்கிற குடை அது. இருபது வயதில் திடீரென்று அவரை ஒதுக்கிவிட்டுத் தம்பியை உட்காரவைத்தார்கள். ஏன் என்று அரண்மனை சொல்லவே இல்லை. டச்சுக்காரன் சூழ்ச்சி என்பார் ஒரு சித்தப்பா. இளைய ராணி வேலை என்பாள் ஒரு அத்தை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

தங்கக் குடையை வாங்கிக்கொண்டு, சாதாரணப் பிரபுக்களுக்கு உள்ள நீலக் குடையைக் கையில் கொடுத்தார்களாம். அவர் அதைக் கொலுமண்டபப் படியிலேயே உருட்டிவிட்டார். என் குடை எனக்குத் திரும்பி வரும்வரை நானும் என் பிள்ளைகளும் எந்தக் குடைக்குக் கீழும் நிற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செத்த பிறகு ராஜாக்களைப் புதைக்கிற குன்றில் அவருக்கு இடம் தரவில்லை. குன்றின் அடிவாரத்தில், மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அந்தக் கல்லறைக்குக் கூரை கிடையாது. அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் தலைமுறைக்கு ஒரு படி இறங்கினோம். அவர் பேரன் பள்ளிக்கூட வாத்தியார். என் தாத்தா ரயில்வே கிளார்க். அப்பா மாட்டுக்கு ஊசி போடுகிறவர். எங்களிடம் வந்து சேரும்போது மிச்சம் இருந்தது பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், அதையும் தபால்காரர் தப்பாகத்தான் வாசிப்பார். ஆனால் குடை விஷயத்தில் மட்டும் அப்பா பிடிவாதம். எங்கள் வீட்டில் குடையே கிடையாது. எவ்வளவு பெரிய மழைக்கும் ரெயின்கோட்தான். பள்ளிக்கூடத்தில் தோழி குடையில் இடம் கொடுத்தால்கூட நான் நனைந்துகொண்டு பக்கத்தில் நடப்பேன். பைத்தியம் என்று கேலி செய்தார்கள். பழகிவிட்டது.

அப்பா செப்டம்பரில் இறந்துபோனார். இரண்டு வருஷம் படுக்கை. தூக்கி, துடைத்து, ஊட்டியது எல்லாம் நான்தான். அண்ணன் பிரனோதோ செமாராங்கில் வேலை. ஐம்பத்தொரு வயது, மணவிலக்கு ஆனவன், பேட்மிண்டன் பைத்தியம். அப்பா போன பிறகு எனக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான்.

எங்கள் ஊரில் பாடையைத் தூக்கிப் போகும்போது மேலே குடை பிடிப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் மட்டும் பிடிப்பதில்லை. அன்று அண்ணன் கல்யாணச் சாமான் வாடகைக் கடையிலிருந்து ஒரு தங்க நிறக் குடையைக் கொண்டுவந்து நின்றான். நீளக் காம்பு, சுற்றிலும் குஞ்சம்.

"அண்ணே, அப்பாவுக்குப் பிடிக்காது."

"அப்பா எந்திரிச்சு வந்து திட்டப்போறாரா? அரண்மனையிலேருந்து கடுதாசி வந்திருக்கு தெரியுமா? நூத்தம்பது வருஷம் கழிச்சு நம்ம குடையைத் திருப்பித் தர்றாங்களாம். மூத்த வாரிசுன்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இது சும்மா ஒத்திகைன்னு வெச்சுக்க."

"யாரு பிடிக்கிறது?"

"நான் பாடையைத் தூக்கணும். நீ பிடி."

பிடித்தேன். ஏன் மறுக்கவில்லை என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்று என்னிடம் எதைக் கொடுத்திருந்தாலும் பிடித்திருப்பேன். அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கை வலிகூடத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தார் எல்லோரையும் புதைப்பது அந்தக் குன்றடிவாரத்தில்தான். வண்டி நின்ற இடத்திலிருந்து கல்லறைவரை பிடித்துக்கொண்டு போனேன். எல்லாம் முடிந்ததும் குடையை மடக்கப் பார்த்தேன்.

எனக்குக் குடை மடக்கத் தெரியவில்லை.

நாற்பத்துமூன்று வயது. வாழ்க்கையில் ஒரு குடையைத் தொட்டதில்லை. காம்பில் எதையோ அழுத்தவேண்டும் போலிருக்கிறது, எதை என்று தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. விரித்தபடியே பக்கத்துக் கல்லறை மேல் சாய்த்து வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அது யாருடைய கல்லறை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாற்பதாம் நாள் வியாழக்கிழமை வந்தது. அன்று இரவு ஏழு மணிக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வீட்டில் தொழுகை, போகும்போது ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி. அதற்கு முன்னால் கல்லறைக்குப் போய்ப் பூத் தூவிவிட்டு வரவேண்டும். மறுநாள் கழித்து, சனிக்கிழமை, அரண்மனையில் அண்ணனுக்குக் குடை வழங்கும் விழா.

3.20க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். அண்ணன் வண்டி, அண்ணனே ஓட்டினான். அந்த வண்டியை அவன் யாரிடமும் தரமாட்டான். நான் தொட்டால் கிளட்ச் போய்விடுமாம். வழியெல்லாம் சனிக்கிழமைப் பேச்சுதான்.

"அரண்மனை பாஷையில பத்து வரி பேசணுமாம். எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்ல வரமாட்டேங்குது. நீயாவது சொல்லிக்குடேன், டீச்சரம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"நல்ல ராஜ குடும்பம் போ."

சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

3.55க்குக் குன்றடிவாரம். கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பாக் சார்ஜிமான், பாக் என்றால் ஐயா. அரண்மனை நியமித்த ஆள், வெற்றிலைக் கறை படிந்த பல். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு அந்தக் குடையை விரிச்சபடியே விட்டுட்டுப் போனது நீங்களாம்மா?"

"ஆமா. மடக்கத் தெரியல. கடைக்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்களே?"

"யாரும் வரலம்மா. சாயங்காலம் பார்த்தேன், இருந்துச்சு. ராத்திரி கேட்டைப் பூட்டினேன். காலையில இல்ல."

"திருடிட்டாங்களா?"

அவர் பூக்கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்பா கல்லறையில் தண்ணீர் தெளித்தோம். பூத் தூவினோம். நான் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினேன். நல்ல வெயில். மேகம் ஒன்றுகூட இல்லை. 4.15க்கு அண்ணன் எழுந்தான்.

"பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

பங்கேரான் கல்லறை இருபதடி தள்ளி, வெள்ளைப் பூ உதிர்க்கிற ஒரு கம்போஜா மரத்துக்குப் பின்னால். அண்ணனின் முதுகு தெரிந்தது, பிறகு மரம் மறைத்தது. குரல் மட்டும் கேட்டது. சனிக்கிழமை உங்க குடை வந்துடும் தாத்தா, சந்தோஷமா இருங்க. ஏதோ அந்த மாதிரி.

4.18.

ஒரு சத்தம்.

படக்.

விறைத்த துணி ஒரே நேரத்தில் விரிகிற சத்தம்...

பிறகு எதுவுமில்லை. அண்ணன் குரல் நின்றுவிட்டது. குருவிகளும் நின்றுவிட்டன. "அண்ணே" என்று கூப்பிட்டேன். நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். இருபதடிதான். உட்கார்ந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தேன். 4.19. 4.20. 4.21.

4.22க்கு மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது அண்ணன்தான். அதே வெள்ளைச் சட்டை, அதே முகம். கொஞ்சம் மெதுவாக நடந்து வந்தான். அவனைச் சுற்றித் தரையில் நிழல் விழுந்திருந்தது.

வட்டமான நிழல்.

முதலில் மர நிழல் என்று நினைத்தேன். மர நிழல் கூடவே நடக்காது. அவன் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி வந்தது. அவன் நின்றால் நின்றது. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன.

குஞ்சம்.

மேலே பார்த்தேன். அவன் தலைக்கு மேல் வெறும் வானம்.

நான் அறிவியல் ஆசிரியை. மணி நாலரை ஆகப்போகிறது. சூரியன் மேற்கே தாழ்ந்துவிட்டது. என் நிழல் கிழக்கே நீளமாக விழுந்திருந்தது. மரத்தின் நிழலும் அப்படித்தான். அவனைச் சுற்றியிருந்த வட்டம் மட்டும் எங்கும் நீளவில்லை. நேராகக் காலடியில், கச்சிதமான வட்டமாக இருந்தது. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு விழுகிற நிழல் அது.

பக்கத்தில் ஏதோ விழுந்த சத்தம். பாக் சார்ஜிமான் கையிலிருந்த கூடை.

அவர் மண்ணில் குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் குவித்து மூக்குக்கு நேரே உயர்த்தினார். தலை குனிந்திருந்தது. குந்தியபடியே, நிமிராமல், பின்பக்கமாக நகர்ந்து வழிவிட்டார். அரண்மனைக்குள் ராஜாவின் முன்னால் மட்டும்தான் அப்படி நகர்வார்கள்.

"கன்ஜெங்," என்றார்.

அதுவும் அரண்மனைக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். அண்ணனாக இருந்தால் கூச்சத்தில் நெளிந்திருப்பான். இல்லை, பந்தாவாக ஒரு ஜோக் அடித்திருப்பான்.

அவர் லேசாகத் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

'அவர்' என்று எழுதிவிட்டேன். இதற்குப் பிறகு எனக்கு 'அவன்' என்று எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தாண்டி நடந்தார். அந்த நிழலின் விளிம்பு ஒரு விநாடி என் பாதத்தில் பட்டது.

சில்லென்றிருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். அவருக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி, இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால். நிதானமான நடை. குடை பிடிக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

4.40. வண்டி.

அவர் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றார். திறக்கவில்லை. காத்திருந்தார். நான் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்துகொண்டார். சாவி டிரைவர் சீட்டில் கிடந்தது. நான் எடுத்து ஓட்டினேன்.

"கால் என்னாச்சு?"

கிளட்ச் பிடிபடாமல் என்ஜினை மூன்று தடவை உறுமவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். முதுகு சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தார். பின் சீட் முழுக்க இருட்டு. வெளியே இன்னும் வெயில்...

வண்டிக் கூரையில் சத்தம்.

டொக்.

பள்ளம் வரும்போதெல்லாம்...

டொக்.

உள்ளேயிருந்து. ஒரு காம்பின் நுனி கூரையை இடிக்கிற மாதிரி.

நான் கத்தவில்லை. வண்டியை நிறுத்தவில்லை. ராத்திரி சாப்பாட்டுப் பெட்டியில் முட்டை வைக்கச் சொன்னோமா என்று யோசித்துக்கொண்டு ஓட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

5.35. வீடு. கதவைத் திறந்துவிட்டேன். இறங்கினார்.

ஏழு மணித் தொழுகையில் எல்லோரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவருக்கு இடது கால் மடங்கவில்லை, நீட்டிக்கொண்டார். "பேட்மிண்டன் ஆடி ஆடிக் காலை உடைச்சுக்கிட்டியாப்பா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அவரை ஏறிட்டுப் பார்த்தார் அண்ணன். அந்த மனுஷர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியையும் எடுக்காமலே போய்விட்டார்.

சனிக்கிழமை விழாவுக்கு நானும் போனேன். அண்ணன் பத்து வரி பேசவேண்டும் என்றார்கள். அவர் அரை மணி நேரம் பேசினார். காகிதம் இல்லை, திக்கல் இல்லை. முன்வரிசைக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் பாதி வார்த்தையை அவர்கள் தாத்தா காலத்தோடு மறந்துவிட்டார்களாம். பிறகு தங்கக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்கள். முற்றத்தில் நடந்தார். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வெயிலில் அரண்மனைக் குடையின் நிழல் கொஞ்சம் தள்ளி, மேற்கே சாய்ந்து விழுந்தது. காலடியில் இன்னொரு நிழல் இருந்தது.

அரண்மனை வளாகத்திலேயே அவருக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். செமாராங் வேலைக்குத் திரும்பவில்லை. எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே போய், வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னார்.

"இது இப்ப வந்தது இல்லம்மா. பழைய முறிவு. பத்துப் பன்னெண்டு வயசுல உடைஞ்சிருக்கு. யாரோ சரியாக் கட்டல, கோணலாக் கூடியிருக்கு."

"எங்கண்ணனுக்குக் கால் உடைஞ்சதே இல்ல டாக்டர். போன மாசம்கூட டோர்னமென்ட் ஆடினாரு."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? வாய்ப்பே இல்ல."

மறுநாள் அரண்மனைச் சுவடி அறைக்குப் போனேன். குடையே திருப்பித் தந்துவிட்டார்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிற அம்மாள் ஒரு பக்கத்தைக் காட்டினாள். எங்கள் சித்தப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு கதை கட்டிய விஷயம் அதில் ஒன்றரை வரியில் இருந்தது. மூத்த இளவரசர் பதினோராம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து இடது கால் கோணியது. குறையுள்ள உடம்பு அரியணைக்கு ஆகாது.

படித்தேன். தாளை மூடிக் கொடுத்தேன். அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. அதை வாய்விட்டுக் கேட்க ஆள் இல்லை.

மூன்று நாள் கழித்து, மாலை 4.22க்கு, போன் அடித்தது. பாக் சார்ஜிமான்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. கூப்பிடலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிக்கிறேன்."

"சொல்லுங்க."

"தெனமும் இந்த நேரத்துக்கு அந்தக் கம்போஜா மரத்துக்குப் பின்னால குரல் கேக்குது. போய்ப் பார்த்தா யாருமில்ல."

"யாரு குரல்?"

"உங்கண்ணன் குரல்ம்மா. ஆனா அவரை நேத்து அரண்மனையில என் கண்ணால பார்த்தேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணேதான்ம்மா. திரும்பத் திரும்ப. 'என் தங்கச்சியக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க... நான் இன்னும் வண்டியில ஏறல'ங்குது."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.